மூடிக்குக் கட்டிய நீலக் கயிறு

முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பிளாக்கில் வளர்ந்த பிள்ளைகளில் டாக்டர்கள் இருக்கிறீர்கள், இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள், தமிழ் வாத்தியாரே ஒருவர் இருக்கிறார். அவர்கள் எழுதுகிற இடத்தில், பத்தாவதோடு நின்று தையல் மெஷினை மிதித்துக் காலம் தள்ளும் நான் பேனாவைத் திறந்திருப்பது அதிகம்தான். நம் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர வேறெதையும் நான் போட்டதில்லை. அதையும் மற்றவர்கள் போட்டதைப் பார்த்து நகல் எடுத்துத்தான் போடுவேன். நினைவு மலர் போடுகிறோம், ஆளுக்கு நான்கு பக்கம் எழுதியே ஆக வேண்டும் என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

நீங்கள் எழுதி அனுப்பியதை எல்லாம் படித்தேன். சாலையோரத்து மரங்கள், ஷிஃப்ட் பஸ், போனஸ் துணி, மெயின் பஜார் அல்வா. எல்லாமே இனிக்கிறது. குறை சொல்லவில்லை. ஆனால் அந்த டவுன்ஷிப்பை நினைத்தால் என் நாக்கில் வருவது வேறு ருசி. சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரித் தூளும் பழைய வெல்வெட் துணியும் கலந்த ருசி. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இத்தனை வருடம் சும்மா இருந்தேன்.

போன மாதம் என் தம்பி மகன் புதுக் கேமரா ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். கூடவே ஒரு பை நிறையச் சில்லறைச் சாமான்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பினான். தூசி ஊதுகிற ரப்பர் உருண்டை, துடைக்கிற துணி, வெயில் மறைக்கிற வளையம். கடைசியாக ஒரு சின்னக் கயிற்றை எடுத்துக் காட்டினான்.

“இது எதுக்குடா?”

“லென்ஸ் மூடிக்கு அத்த. கழட்டினா கீழ விழாம தொங்கும். தொங்கறதப் பாத்தாலே மூடி தொறந்திருக்குன்னு தெரிஞ்சிடும்ல.”

நான் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். குடித்தேன். பித்தம் இல்லை என்று யாரிடம் சொல்வது?

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா மைன்ஸில் பர்மனென்ட். ஊருக்குத் திரும்பிப் போன வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவரிடமிருந்து அவர் ஒரு கேமரா வாங்கினார். வாங்கப் போனபோது என்னையும் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து அழைத்துப் போயிருந்தார். அந்த வீட்டு அம்மா கேமராவோடு ஒரு தோல் பையையும் கொடுத்தார். பையில் இருந்தவற்றுக்கு எனக்குப் பெயர் தெரியாது, நானாக வைத்துக்கொண்ட பெயர்கள்தான். ஊதுருண்டை. தொப்பி. ஒரு முனையை அழுத்தினால் மறுமுனையில் ஊசி எட்டிப் பார்க்கிற வயர், அதற்குப் பாம்பு என்று பெயர். அப்பாவின் மூக்குக்கண்ணாடி கீறாமல் இருக்க, பார்க்கிற ஓட்டையில் மாட்டும் ரப்பர் வளையம்.

பிறகு மூடி. கறுப்பு உலோகம். உள்பக்கம் வெல்வெட் ஒட்டியிருக்கும். அதில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, நீல நூலில் பின்னிய கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கேமராவின் காதில் முடிந்திருந்தார் அந்த அம்மா. அவரே பின்னியது. மூடியைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டுக் காட்டினார். மறுபடி மாட்டி, அப்பாவின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டினார். மறுபடி கழற்றினார். அப்பா எல்லாம் தெரிந்தவர்போலத் தலையை ஆட்டிச் சிரித்தார்.

அந்தக் கேமராவில் பார்க்கிற கண்ணாடி வேறு, படம் விழுகிற கண்ணாடி வேறு. மூடி போட்டிருந்தாலும் பார்க்கிற ஓட்டையில் எல்லாம் பளிச்சென்று தெரியும். பொத்தானை அழுத்தினால் ‘கிளிக்’ என்ற சத்தமும் வரும். அதனால்தான் அந்த அம்மா விரலை ஆட்டினார். மூடி தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், அதற்குத்தான் கயிறு. இது எனக்கு அன்றைக்கே புரிந்தது.

அப்பாவுக்குக் கேமரா வந்ததிலிருந்து நடையே மாறிவிட்டது. பிளாக்கில் காது குத்தல், பூப்பு, புதுமனை என்றால் அவரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டைக்கு மேலே கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார். தோல் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். “அது சில்லறை. நீ வெச்சி வெளையாடு” என்று என்னிடம் தள்ளிவிட்டார். ஆனால் வெளியே போகும்போது நான் அந்தப் பையோடு பின்னால் வர வேண்டும். நம் ஊர்த் தூசிதான் உங்களுக்குத் தெரியுமே. காலையில் கொடியில் போட்ட வெள்ளைத் துணி மத்தியானம் பழுப்பாகும். வீட்டுச் சோற்றுப் பானை மூடியில் விரலால் பெயர் எழுதலாம். ஊதுருண்டை இல்லாமல் அவருக்கு ஒரு படமும் ஓடாது. அதைச் சில்லறை என்பார்.

ஒரு காது குத்தலில் அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“இன்னாண்ணே, கேமராவுக்கு அரணாக்கயிறு கட்டி வுட்டிருக்க? அது ஆம்பளப் புள்ளையா?”

“இடுப்புல தாயத்தும் கட்டுங்க சார், திருஷ்டி படாது” என்றார் இன்னொருவர்.

பந்தலே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், காது மட்டும் சிவந்தது. அன்று சாயங்காலம் சவரபிளேடால் நீலக் கயிற்றை இரண்டு பக்கமும் அறுத்துப் போட்டார். அம்மா அதை எடுத்துக் கொசுவலையின் ஒரு மூலைக்குக் கட்டினாள். கொஞ்ச நாளில் அதுவும் இற்றுப்போய்விட்டது.

அடுத்த மாதம் ஒரு ஆபீசர் வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள். பெரிய பங்களா. கேக்கைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். அப்பா குனிந்து, நிமிர்ந்து, “ஸ்மைல்” என்றெல்லாம் சொல்லிப் பொத்தானில் விரலை வைத்தார். மூடி மூடியபடியே இருந்தது. நான் பேசுகிற பிள்ளை இல்லை. ஆனாலும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“அப்பா, மூடி.”

ஆபீசர் வயிறு குலுங்கச் சிரித்தார். “சபாஷ்! பொண்ணுதான் போட்டோகிராபர். நீங்க ஹெல்ப்பர்!” ஆபீசர் மனைவி எனக்குக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தார். அதை நான் சாப்பிடவில்லை. அப்பாவின் கழுத்துப் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். என்னைக் கதவோரம் நிற்க வைத்து, மூடியைக் கழற்றி, உள்பக்கத்தை என் வாய்மேல் வைத்து அழுத்தினார். என் வாய்க்கு அது சரியான அளவாக இருந்தது.

“பெரியவங்க நிக்கிற எடத்துல இந்த வாய் தொறக்குமா?”

நான் தலையை ஆட்டினேன்.

“தொறக்குமா?”

வெல்வெட் என் உதட்டில் ஒட்டியது. உள்ளே சேர்ந்திருந்த பழுப்புத் தூள், அவருடைய கை வியர்வை, துரு எல்லாம் நாக்குக்கு வந்தன. அம்மா அடுப்படியிலிருந்து, “போதும் விடுங்க, புள்ள மூச்சு முட்டப் போகுது” என்றாள். அப்பளம் பொரித்துக்கொண்டே சொன்னாள்.

இதையெல்லாம் எழுதுவது அப்பாவைப் பற்றிக் குறை சொல்வதற்கு என்று நினைப்பீர்கள். அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. எங்கள் கூடத்தில் அவருடைய படம் பெரிதாக மாட்டியிருக்கிறது, மூக்குக்கண்ணாடியும் சிரிப்புமாக, மிகத் தெளிவான படம். வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் துடைக்கிறேன். துடைத்த துணியை உடனே கழுவிவிடுவேன்.

அந்த வருடக் கோடைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வருவாள். டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தாள். அவளுக்கென்று ஒரு தம்ளர், வெளி ஜன்னல் கம்பியில் கவிழ்த்திருக்கும். அதில்தான் அம்மா காப்பி ஊற்றுவாள். அக்காவின் வீட்டுக்காரர் கான்ட்ராக்டில் மண் அள்ளுகிற வேலை பார்த்தார். சில நாள் அவளை அழைத்துப் போகச் சைக்கிளில் வந்து, கேட்டுக்கு வெளியே ஒரு காலை ஊன்றி நிற்பார். என்னைப் பார்த்தால் காதை ஆட்டிக் காட்டுவார். கையைத் தொடாமல் காதை மட்டும் ஆட்டுவார். அப்படி ஆட்டத் தெரிந்த வேறொருவரை நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து குந்தித் தேய்ப்பாள். அந்த மாதம்தான் அவள் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து கொடுத்தார்கள், கண்ணில் சாறு விட்டார்கள். இறங்கவில்லை. ஒரு நாள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

“சார், எங்க வூட்டுக்காரர ஒரு போட்டோ புடிச்சிக் குடுப்பீங்களா?”

“எதுக்கும்மா இப்ப?”

“கோயில்ல மால மாத்திகினோம் சார். அன்னிக்கும் போட்டோ எடுக்கல. அவரு மொகம் எதுலயும் இல்ல. சும்மா, வூட்ல மாட்டி வெக்க.”

“ஒடம்பு மஞ்சளா இருக்கறப்ப எடுத்தா நல்லாவா இருக்கும்? தேறட்டும், ஜோரா எடுத்துரலாம்.”

“கறுப்பு வெள்ளப் படத்துல மஞ்சள் தெரியுமா சார்?”

“ரோல்ல கொஞ்சந்தான் பாக்கி. சூப்பர்வைசர் வூட்ல புதுமனை இருக்கு” என்று அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அக்கா, “சரி சார்” என்று போய் மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

பதினோரு நாள் கழித்து அக்காவின் வீட்டுக்காரர் செத்துப்போனார்.

பலாப்பழக் காலம். காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகப் பழம் வந்து மந்தாரக்குப்பம் கடைத்தெருவே நாறும். சக்கையும் கொட்டையும் மண்ணில் மிதிபட்டுக் கிடக்கும். எங்கே பார்த்தாலும் ஈ. சாவு வீட்டுச் சந்துக்குள் நுழைந்தபோது எனக்குப் பலாப்பழம் எங்கே முடிகிறது, பிணம் எங்கே தொடங்குகிறது என்று வாசனையில் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் பலாச்சுளை தொட்டதில்லை. யார் வீட்டில் கொடுத்தாலும் விரதம் என்று சொல்லிவிடுவேன்.

அப்பாவை அக்காதான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தாள். அம்மாவும் வந்தாள். தோல் பையோடு நானும் போனேன். செத்தவரை, டீக்கடையிலிருந்து வாங்கி வந்த இரும்பு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மார்பைச் சுற்றி வேட்டியால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். தாடையைத் துணியால் கட்டி உச்சியில் முடிந்திருந்தார்கள். மூக்கில் பஞ்சு. நெற்றியில் காசு. தலை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருந்ததால், ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, படத்தில் தெரியாமல் முடியைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். இப்படி எடுத்த படங்கள் அப்போது எல்லோர் வீட்டிலும் இருந்தன. ஸ்டூடியோவில் கொடுத்தால் பஞ்சை அழித்து, மூடின கண்ணைத் திறந்த கண்ணாக வரைந்து தருவார்கள். மாலை போட்டு மாட்டுவார்கள். உயிரோடு இருந்தபோது எடுத்ததுபோலவே இருக்கும், கிட்டே போய்ப் பார்க்காதவரை.

அக்கா நாற்காலிப் பக்கத்தில் நின்றாள். அழுது அழுது குரல் போயிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் கையைக் கூப்பினாள்.

“நல்லா எடுங்க சார். வவுத்துல இருக்கறது நாளைக்கு எங்கப்பன் மொகம் எதுன்னு கேட்டா நான் எதக் காட்டுவன்? இது ஒண்ணுதான் சார்.”

“நான் பாத்துக்கறேன்மா” என்றார் அப்பா. பறை அடிக்கிறவர்களை நிறுத்தச் சொன்னார். சொந்தக்காரர்களை வரிசையாக நிற்க வைத்தார். அவருக்கு அதில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. எனக்குத் தெரிந்தது. சாம்பிராணிப் புகை பட்டுவிடும் என்று அதுவரை மூடியைப் போட்டே வைத்திருந்தார். பிறகு ஈக்கள். உதட்டோரத்திலும் கண் இமையிலும் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. துண்டால் விசிறினால் போய்விட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்தன.

“அந்த உருண்டையை எடு” என்றார் என்னிடம்.

ஊதுருண்டையை வாங்கி, செத்தவரின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், புஸ் புஸ் என்று ஊதினார். ஈ பறந்தது. இமை மயிர் அசைந்தது. கூட்டத்தில் ஒரு பெண், “ஐயோ, கண்ணு அசைஞ்சிது!” என்று கத்தினாள். அக்கா திடுக்கிட்டுக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு நொடி அவள் முகத்தில் வந்த ஆசையை நான் பார்த்தேன். வேறு யார் பார்த்தார்களோ தெரியாது.

அப்பா உருண்டையை என் கையில் திணித்துவிட்டு, “அசையாதீங்க, அசையாதீங்க” என்று வேகமாகப் பின்னால் வந்து, கேமராவைக் கண்ணில் வைத்தார்.

மூடி மூடியபடியே இருந்தது.

நான் அவருக்குப் பக்கவாட்டில் நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். கறுப்பு வட்டம். அதில் பழுப்புத் தூசி. கூட்டம் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களில் கேமராவின் கண் எது, மூடி எது என்று தெரிந்தவர்கள் நானும் அப்பாவும் மட்டும்தான்.

கிளிக்.

நாக்கில் வெல்வெட் ருசி வந்தது. கையிலிருந்த ரப்பர் உருண்டை வியர்வையில் வழுக்கியது.

“ஏம்மா, நீ தோள்ல கை வை.” கிளிக். “சொந்தக்காரங்க வெலகுங்க, மொகம் மட்டும்.” கிளிக். கிட்டே போய் இன்னொன்று. கிளிக்.

நான்காவதுக்குப் பிறகு அவர் கேமராவை இறக்கி ரோலைச் சுற்றினார். சுற்றும்போது என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ.

“என்ன?” என்றார்.

கேட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை. அவரே கேட்டார், நான்கு பேர் முன்னிலையில், என்ன என்று. ஒரே ஒரு சொல்தான். நான் தலையை ஆட்டினேன்.

“ஒண்ணுமில்லப்பா.”

ஐந்தாவதும் எடுத்தார். கிளிக். பறை மறுபடி தொடங்கியது.

கேமராவைத் தோல் உறையில் போடும்போது அப்பா மூடியைத் தடவிப் பார்த்தார், மாட்டியிருக்கிறதா என்று. மாட்டியிருந்தது. திருப்தியோடு பொத்தானைப் போட்டார். வீட்டுக்கு வந்து நான் ஊதுருண்டையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். உள்ளே தண்ணீர் போய்க் கெட்டுவிட்டது என்று திட்டு வாங்கினேன்.

ரோல் முடிகிறவரை கழுவக் கொடுக்கமாட்டார். சூப்பர்வைசர் வீட்டுப் புதுமனையில் மிச்சத்தை எடுத்து முடித்து, பன்னிரண்டாம் நாள் மந்தாரக்குப்பத்து ஸ்டூடியோவில் கொடுத்தார். மறுநாள் வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். ஸ்டூடியோக்காரர் ஈரம் காயாத பிலிமை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

“சார், நடுவுல அஞ்சு கண்ணாடி மாரி இருக்கு. ஒண்ணும் வுழல.”

“எப்படி விழாம இருக்கும்? முன்னாடி இருக்கறதும் பின்னாடி இருக்கறதும் விழுந்திருக்குதே?”

“அதான் சொல்றேன். மெஷின் நல்லாத்தான் இருக்கு.” அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “மூடி எடுத்தீங்களா சார்?”

அப்பா அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த வெட்டுத்துண்டுகளைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட் படத்தின் தோள் மட்டும் கிடந்தது.

“இதப்பத்தி வெளிய பேச வேணாம்” என்றார் அப்பா ஸ்டூடியோக்காரரிடம். நான் மறுபடி அந்த மூடியை என் வாய்மேல் எதிர்பார்த்தேன். அது வரவில்லை. வீட்டில் அம்மா கேட்டாள்.

“எப்படி வந்திருக்கு?”

“விழல. சில பேருக்கு அப்படித்தான். ஆசை அடங்காமப் போன உடம்பு, படத்துல விழாது.”

“நெஜமாவா?”

“நான் சொல்றேன்ல?”

“இல்ல, அந்தப் பொண்ணு வேலைய விட்டு நின்னுட்டா வேற ஆள் பாக்கணும். அதான்” என்றாள் அம்மா.

ஆசை அடங்காத உடம்பு. பத்து நொடியில் சொன்னார். மெஷின்களைப் பழுது பார்க்கிற, சாமி ஆடுகிறவர்களைக் கேலி செய்கிற என் அப்பா. அந்தச் சொல் அன்றைக்கே மந்தாரக்குப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. பிணத்தின் கண் அசைந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்களே, அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. நாங்கள் போனோம். படம் வைக்க வேண்டிய இடத்தில், அதே இரும்பு நாற்காலியின் முதுகில் செத்தவருடைய வேலைச் சட்டையை மாட்டி, மாலை போட்டிருந்தார்கள். துவைத்தும் போகாத பழுப்பு. காலர் மடங்கியிருந்தது. அப்பாவுக்கு நிழலில் நாற்காலி போட்டு, அவருக்கு மட்டும் கலர் சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தார்கள். உறிஞ்சிக் குடித்தார்.

அக்காவின் மாமியார் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தவர். சட்டையைப் பார்த்துப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டார்.

“எம்புள்ள ஒருத்தனுக்கா படம் வுழாமப் போவும்? ஊர்ல செத்தவன் எல்லாருக்கும் வுழுதே! கடைசியா தண்ணி கேட்டுகினே கெடந்தான், இவ குடுத்தாளோ இல்லியோ! இவ கண்ணுல மொகத்தக் காட்டக் கூடாதுன்னே போயிட்டான்!”

“குடுத்தன் அத்த. எங்கையாலதான் குடுத்தன்.”

“குடுத்தவ பக்கத்துல நின்னா ஏன் வுழல?”

யாரோ ஒரு கிழவர், “வவுத்துல இருக்கறது தோசமோ என்னமோ” என்றார். சுற்றியிருந்தவர்கள் அதற்கும் தலையை ஆட்டினார்கள். அக்கா கூட்டத்தைத் தாண்டி அப்பாவிடம் வந்தாள். தாலி இல்லாத கழுத்து. கையைக் கூப்பவில்லை இந்த முறை.

“சார், நீங்க சொல்லுங்க. படிச்சவரு நீங்க. எம்மேல குத்தம் இருந்தாத்தான் வுழாதா?”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். வாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

“நம்ம கையில என்னம்மா இருக்கு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உன் வேலை விஷயமா ஆபீஸ்ல சொல்லியிருக்கேன். பெருக்கற கான்ட்ராக்ட்ல எடம் வரும். கவலப்படாத” என்றார்.

“பெரிய மனுசன்யா” என்றார் பக்கத்தில் ஒருவர்.

நான் எழுந்தேன். சந்தின் கோடியில் தண்ணீர்க் குழாய் இருந்தது, அங்கே போனேன். கொஞ்ச நேரத்தில் அக்கா எச்சில் பாத்திரங்களோடு வந்தாள். அன்றைக்கும் அவள்தான் தேய்த்தாள். என்னைப் பார்த்ததும் கையை அலம்பிவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள்.

“இன்னா பாப்பா, மொகம் வாடிக் கெடக்கு? பாயசம் குடிச்சியா?”

“அக்கா, படம் விழாம இல்ல. மூடி போட்டிருந்துச்சு.”

அவளுக்குப் புரியவில்லை. நான் என் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக் காட்டினேன்.

“கேமரா கண்ணுல மூடி இருந்துச்சு. அப்பா எடுக்க மறந்துட்டாரு. அஞ்சுக்கும். உங்க மேல ஒண்ணும் இல்ல.”

அவள் கை என் கன்னத்திலேயே இருந்தது. ஈரமாக இருந்தது.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அப்பவே.”

“போட்டோ புடிக்கறப்பவா?”

“ஆமா.”

“பாத்துகினே நின்னுகினு இருந்தியா?”

அவள் கோபப்படுவாள், கத்துவாள், அப்பாவிடம் போய்ச் சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அப்படி நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் சந்தைத் திரும்பிப் பார்த்தாள். மாமியாரின் குரல் அங்கேயும் கேட்டது.

“யாருகிட்டயும் சொல்லாத பாப்பா. ஒங்கப்பா வேல பாத்துத் தரேன்னிருக்காரு. இது தெரிஞ்சா அதுவும் பூடும்.”

“அவங்க உங்களத் திட்டறாங்களே?”

“திட்டிகினு போறாங்க. மொகம் போயிடுச்சி. சோறாவது கெடைக்கட்டும்.”

என் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். குழாயைத் திறந்து அந்தக் கையைக் கழுவினாள். பிறகு இன்னொரு முறை, மணலைத் தொட்டுத் தேய்த்து, முழங்கைவரை கழுவினாள்.

மறுநாள் அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட், விடியுமுன்பே கிளம்பிவிட்டார். அக்கா வழக்கம்போல ஆறரை மணிக்கு வந்து பாத்திரம் தேய்த்து வைத்துவிட்டுப் போனாள்.